தண்ணீரூற்றுப் பிள்ளைகளும் ஜெனீவா அமர்வும்

2021 பெப்ரவரி 22ஆம் திகதி ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46ஆவது அமர்வு ஆரம்பமானபோது உலகம் கொரோனாவால் முடங்கிக் கிடந்தது. அமைச்சர்கள் ஜெனீவாவுக்குப் பறக்கவில்லை. அவரவர் தலைநகரிலிருந்தே காணொளியில் பேசினார்கள். இலங்கையின் வெளிவிவகார அமைச்சர் தினேஷ் குணவர்தனவும் கொழும்பிலிருந்தபடியே உரையாற்றினார். மார்ச் 23ஆம் திகதி இலங்கை பற்றிய 46/1 தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டது. பேரவையின் 47 உறுப்பு நாடுகளில் 22 ஆதரித்தன, 11 எதிர்த்தன, 14 நடுநிலை வகித்தன. இலங்கையில் நடந்த மீறல்கள் தொடர்பான தகவல்களையும் சாட்சியங்களையும் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை அந்தத் தீர்மானம் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்குக் கொடுத்தது. 2009இல் இறுதி யுத்தத்தின்போது முல்லைத்தீவுக் கரையில் நடந்தவையும் அவற்றுள் அடங்கும்.

இவ்வளவும் ஐ.நா.வின் இணையத் தொலைக்காட்சியில் எல்லோரும் இலவசமாகப் பார்க்கக்கூடியதாக நடந்தது. அந்த வாரங்களில் ‘பூச்சிய வரைபு’, ‘இணை அனுசரணை’, ‘நடுநிலை’ என்ற சொற்கள் தமிழ்ப் பத்திரிகைகளின் தலைப்பை விட்டு இறங்கவேயில்லை. வன்னியில் தேநீர்க் கடையில் இருப்பவருக்கும் ஜெனீவா என்றால் என்னவென்று தெரியும். ஆனால் பூச்சிய வரைபை, அதாவது தீர்மானத்தின் முதல் வரைபை, யார் எழுதுகிறார்கள், ஆபிரிக்காவின் மலாவி ஏன் அதை எழுதிய குழுவில் இருந்தது, ஒரு பந்தியில் ஒரு வினைச்சொல்லை மாற்ற ஏன் நாட்கணக்கில் பேசுகிறார்கள் என்று நம் பாடசாலைகளில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. க.பொ.த. உயர்தர அரசறிவியலில் சர்வதேச அரசியல் வருகிறது. பரீட்சைக்கு விடை எழுதும் அளவில் வருகிறது. தங்கள் ஊரைப் பற்றித் தொலைவில் எடுக்கப்படும் முடிவு எப்படி உருவாகிறது என்று பார்க்கும் பழக்கத்தை அது தருவதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க ஒரு பாடசாலைக் கழகம் போதும் என்பது என் கட்சி. சர்வதேச இராஜதந்திரத்தை இணையவழி நிகழ்வுகள் மூலம் கற்கும் உயர்தர மாணவர் கழகங்கள் உலகில் புதியவை அல்ல. அவற்றை வன்னியில், குறிப்பாகத் தண்ணீரூற்று போன்ற ஓர் ஊரில், எப்படி நடத்துவது, எதை வைத்து நடத்துவது என்பதே இங்கே கேள்வி.

தண்ணீரூற்று முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றுப் பிரிவில், முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் போகும் வீதியில், முள்ளியவளையோடு ஒட்டிக் கிடக்கும் ஊர். ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிலும் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்த வளவுகளும் அதன் அடையாளம். நந்திக்கடலும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலும் அதிக தூரமில்லை. கேப்பாப்புலவும் அப்படித்தான். 2017 ஜனவரி இறுதியில் கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை வசமிருந்த தங்கள் காணிகளைக் கேட்டு வாசலில் குந்தியிருந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி காணி விடுவிக்கப்பட்டது. பேரவையின் 34ஆவது அமர்வு அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் தொடங்கியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பதை ஒரு மாணவர் குழு பத்திரிகைகளையும் அமர்வுப் பதிவுகளையும் வைத்துத் தேடிப் பார்த்தால், அது எந்தப் பாடநூலையும்விடப் பெரிய படிப்பு.

இத்தகைய கழகங்கள் பழகும் மாதிரி ஐக்கிய நாடுகள் சபை என்ற பயிற்சி ஐ.நா.வைவிட வயதில் மூத்தது. 1920களிலேயே அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் அன்றைய சர்வதேச சங்கத்தைப் போல அவை கூட்டி நாடுகளின் பேரால் பேசிப் பழகினார்கள். ஐ.நா. பிறந்த பிறகு அதன் வடிவத்துக்கு மாறினார்கள். ஹார்வர்டின் தேசிய மாநாடு 1955இல் தொடங்கியது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் பாடசாலை மாணவர்களுக்கான மாநாடு 1968இல். நடைமுறை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நாடு ஒதுக்கப்படும். அந்த நாட்டின் நிலைப்பாட்டைப் படித்து ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். அவையில் பேச வேண்டும். இடைவேளையில் மற்ற நாடுகளோடு கூடிப் பேசி ஒரு வரைபு தயாரிக்க வேண்டும். திருத்தங்கள் வரும், வாக்கெடுப்பு வரும்.

இலங்கையில் இந்தப் பயிற்சி கொழும்பின் பெரிய பாடசாலைகளில் வேரூன்றி விட்டது. அங்கே மாநாடுகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. கோட், கழுத்துப்பட்டி, பதிவுக் கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் உண்டு. தமிழ் மொழிமூலம் படிக்கும் வன்னி மாணவருக்கு அந்த மண்டபம் சட்டப்படி திறந்திருக்கிறது. நடைமுறையில் எட்டாத தூரம். கோவிட் காலத்தில் உலகெங்கும் இந்த மாநாடுகள் ஸூமுக்கும் டிஸ்கோர்டுக்கும் மாறின. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஹேக் மாநாட்டோடு தொடர்புடைய இணையவழி அவைகள் நடந்து வந்தன. பயணச் செலவும் விடுதிச் செலவும் இதனால் ஒழிந்தன. மொழித்தடை ஒழியவில்லை, அது இன்னும் அப்படியே இருக்கிறது.

நிஜ இராஜதந்திரமும் அந்தக் காலத்தில் திரைக்குள்தான் போயிற்று. 2020 செப்டெம்பரில் ஐ.நா. பொதுச்சபை தன் 75ஆவது ஆண்டில் கூடியபோது அரச தலைவர்கள் முன்கூட்டியே பதிவுசெய்த உரைகளை அனுப்பினார்கள். நியூயோர்க் மண்டபத்தில் நாட்டுக்கு ஒரு பிரதிநிதி முகக்கவசத்தோடு இருந்து பார்த்தார். பாதுகாப்புச் சபை அதே ஆண்டு மார்ச்சிலிருந்து சில மாதங்கள் காணொளியில் கூடியது. முதல் நாட்களில் ஆறு உத்தியோகபூர்வ மொழிகளுக்கும் உரைபெயர்ப்புக்கூட இல்லை. இவற்றை முறையான கூட்டங்களாகக் கணக்கில் எடுக்கலாமா என்று ரஷ்யா ஆட்சேபித்தது. அதனால் தீர்மானங்களுக்கான வாக்குகளை எழுத்தில் அனுப்ப 24 மணிநேரம் கொடுத்து, பிறகு முடிவை அறிவிக்கும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். உலகின் அதிகாரம் மிக்க சபை, கூட்டம் என்றால் எது, வாக்கு என்றால் எது என்று அடியிலிருந்து யோசிக்க வேண்டி வந்தது. நடைமுறை விதிகள் ஏன் இருக்கின்றன என்று மாணவருக்குப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

திரையில் எது தொலைகிறது என்பதும் அப்போதே தெரிந்தது. உரை தொலைவதில்லை. ஒலிவாங்கி முன் வாசிக்கப்படும் ஐந்து நிமிட அறிக்கை மண்டபத்திலும் திரையிலும் ஒன்றுதான். தொலைவது வராந்தாவில் நடக்கும் பேச்சு. கோப்பி வரிசையில் நின்றபடி, ‘உங்கள் நாட்டுக்கு எட்டாம் பந்தி பிரச்சினையா, ஒன்பதாம் பந்தி பிரச்சினையா?’ என்று கேட்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பல வரைபுகள் உயிர் பிழைக்கின்றன. ஸூமில் சிறு அறைகளாகப் பிரித்து விடலாம். அந்த அறைகளில் கமராவை அணைத்துவிட்டு மௌனமாக இருக்கும் பிள்ளைகளை எந்த ஆசிரியரும் அறிவார். எனவே வன்னியில் இப்படியொரு கழகம் தொடங்குகிறவர்கள் பிள்ளைகளை வீட்டில் தனித்தனிப் போனோடு இருத்தக் கூடாது. ஒரே வகுப்பறையில், ஒரே வாங்கில் நெருங்கி இருக்கட்டும். திரை தூரத்தில் இருப்பவருக்கு மட்டும் போதும். இது வசதிக் குறைவுக்குச் செய்யும் சமரசம் அல்ல, கல்வி நோக்கில் இதுவே சரியான முறை.

வன்னிக்கு இராஜதந்திரம் வெளியிலிருந்து புதிதாக வரப்போகும் பாடமும் அல்ல. 2002 பெப்ரவரி 22இல் நோர்வேயின் அனுசரணையோடு அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு கிளிநொச்சி சில ஆண்டுகள் தூதுவர்கள் வந்துபோகும் இடமாக இருந்தது. நோர்வேயின் எரிக் சொல்ஹெய்ம் வந்தார். யப்பானின் யசூஷி அகாஷி வந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் கிறிஸ் பற்றன் 2003 நவம்பரில் வந்தார். தாய்லாந்து, ஒஸ்லோ, பேர்லின், ஹக்கோனே என்று பேச்சுவார்த்தை மேசை நாடு நாடாக நகர்ந்தது. சுனாமிக்குப் பிறகு 2005 ஜனவரியில் ஐ.நா. செயலாளர் நாயகம் கொஃபி அனான் இலங்கை வந்தார். முல்லைத்தீவுக்கு வர அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2008 செப்டெம்பரில் பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்று அரசாங்கம் அறிவித்ததும் ஐ.நா. சர்வதேசப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் நின்று மன்றாடினார்கள். அந்த வெளியேற்றத்தையும் அடுத்து வந்த மாதங்களில் ஐ.நா. நடந்துகொண்ட விதத்தையும் சார்ள்ஸ் பெற்றி தலைமையிலான உள்ளக மீளாய்வு ஆராய்ந்தது. 2012 நவம்பரில் வெளியான அதன் அறிக்கை, ஐ.நா. கட்டமைப்பே தவறியது என்று எழுதிவைத்தது. மனித உரிமைகளை முன்னிறுத்தும் புதிய நடைமுறைத் திட்டமொன்றை ஐ.நா. 2013இல் அறிவிக்க அந்த அறிக்கை காரணமாயிற்று. வன்னியின் துயரம் உலக நிறுவனமொன்றின் வேலை முறையை மாற்றியிருக்கிறது. வன்னிப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது பெருங்குறை.

இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் 2009இல் கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவேயில்லை. அவர்களுக்கு இதெல்லாம் வீட்டில் கேட்ட கதை. கதையாகக் கேட்டதை ஆவணமாகப் படிக்கப் பழக்குவதுதான் கழகத்தின் முதல் வேலை.

எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு பாடத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன். கோவிட்டால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்று இலங்கை அரசு 2020 ஏப்ரலில் விதி செய்தது. முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் மார்க்கப்படி அடக்கம் செய்ய முடியாமல் தவித்தன. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் விதி மாறவில்லை. 2021 பெப்ரவரி முதல் வாரத்தில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணி முல்லைத்தீவு வழியாகச் சென்றபோது, தமிழரின் கோரிக்கைகளோடு இந்தக் கோரிக்கையும் சேர்ந்தே ஒலித்தது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு கவலை தெரிவித்தது. பெப்ரவரி 23ஆம், 24ஆம் திகதிகளில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். அவர் போன கையோடு, அடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வெளியானது. மார்ச் தொடக்கத்தில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன.

இனி 46/1 தீர்மானத்தை எடுங்கள். கட்டாயத் தகனம் முஸ்லிம்களையும் ஏனைய சமயத்தவரையும் பாதித்தது என்று அதில் ஒரு பந்தியே உண்டு. முஸ்லிம்களின் உரிமையைப் பேசும் அந்தத் தீர்மானத்துக்குப் பாகிஸ்தான் என்ன செய்தது? எதிர்த்து வாக்களித்தது. வங்காளதேசமும் எதிர்த்தது. இந்தோனேசியா நடுநிலை வகித்தது. கிறிஸ்தவர் பெரும்பான்மையாக உள்ள மலாவி வரைபை எழுதிய ஆறு நாடுகளில் ஒன்றாக நின்று ஆதரித்தது.

இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் பேசாமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் முதலில் கோபப்படுவார்கள். ‘அப்ப ஏன் சேர், இம்ரான் கான் வந்தவர்?’ என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வியில்தான் வகுப்பு தொடங்குகிறது. ஒரு மாணவி பாகிஸ்தானாக எழுந்து நின்று தன் வாக்கை விளக்க வேண்டும். கொழும்போடு நேருக்கு நேர் பேசி ஒரு பலனைப் பெற்றாயிற்று என்று அவள் வாதிடலாம். தனி நாட்டைக் குறிவைக்கும் தீர்மானங்களை நாங்கள் கொள்கையாகவே எதிர்க்கிறோம் என்று சொல்லலாம். காஷ்மீர் பற்றி நாளை என்ன தீர்மானம் வந்தால் தனக்கு யார் வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போடலாம். இன்னொருவர் இந்தியாவாக நிற்கட்டும். தமிழரின் சமத்துவம், நீதி, கண்ணியம் ஒரு பக்கம், இலங்கையின் ஒருமைப்பாடும் ஸ்திரத்தன்மையும் மறு பக்கம் என்று இரண்டையும் சொல்லிவிட்டு நடுநிலை வகித்தது டெல்லி. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது இரண்டு வாரம்தான் இருந்தது. அந்த அறிக்கையின் ஒவ்வொரு வாக்கியமும் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று பிள்ளைகள் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாமவர் இலங்கையாக நிற்க வேண்டும். 2015இல் 30/1 தீர்மானத்துக்குத் தானே இணை அனுசரணை வழங்கி, 2020 பெப்ரவரியில் அதிலிருந்து விலகிய நாடு அது. இந்த ஆசனம்தான் முல்லைத்தீவுப் பிள்ளைக்கு மிகக் கடினமானது.

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பேரப்பிள்ளை, அரசாங்கத்தின் வாதத்தை அரசாங்கத்தின் குரலில் பேச வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விரும்பாத பிள்ளையை அந்த ஆசனத்தில் ஒருபோதும் இருத்தக் கூடாது. ஆனால் விரும்பி வரும் பிள்ளைக்கு அது தரும் பலம் வேறெதிலும் கிடைக்காது. முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடுவது வழக்கம். அங்கே பாண்டியன் வேடம் கட்டுபவரும் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பவர்தான். அநீதித் தீர்ப்புச் சொன்ன அரசனின் பாட்டை அவர் குரல் கம்மாமல் பாடினால்தான் கண்ணகியின் வழக்கு சபைக்கு விளங்கும். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு சொல்லத் தெரிந்தவருக்கே அதன் ஓட்டை எங்கே என்று தெரியும். எங்கள் அரசியல் மேடைகளில் பல பத்தாண்டுகளாக இல்லாமற் போனது இந்தப் பழக்கம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் பக்க நியாயத்தை எங்களுக்குள்ளேயே உரக்கச் சொல்லிக்கொண்டோம். அதை மலாவியின் பிரதிநிதிக்கு எப்படிச் சொல்வது என்று பழகவில்லை.

அயலவரோடு பேசுவதும் அப்படித்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் தலைவர் வே. பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். வெளியேற்றப்பட்டோர் திரும்பி வருவது அதில் பேசப்பட்டது. பலருக்கு உண்மையான மீள்வருகை யுத்தம் முடிந்த பிறகே சாத்தியமானது. திரும்பி வந்தபோதும் காணி, வீட்டுத்திட்டம், வாக்காளர் பதிவு என்று புதிய பிணக்குகள் காத்திருந்தன. தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் சேர்ந்து இயங்கும் ஒரு கழகம் இந்த உடன்பாட்டை மேசையில் வைக்காமல் ஜெனீவாவைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. எது எழுதப்பட்டது, எது எழுதப்படாமல் விடப்பட்டது, நடைமுறைப்படுத்த யார் பொறுப்பு என்று குறிப்பிடப்பட்டதா: இந்த மூன்று கேள்விகளும் எந்தச் சர்வதேச ஒப்பந்தத்துக்கும் பொருந்தும். சொந்த ஊர் ஒப்பந்தத்தில் கேட்டுப் பழகியவர்கள் உலக ஒப்பந்தத்திலும் கேட்பார்கள்.

இவற்றை முதல் நாளே தொடங்க முடியாது. அதிபருக்குத் தயக்கம் இருக்கும். வலயக் கல்விப் பணிமனை என்ன சொல்லும் என்ற யோசனை இருக்கும். இந்த மாவட்டத்தில் கூட்டம் கூடிப் பேசுவதை யார் யார் குறிப்பெடுப்பார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். ஆகவே கடலிலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் செய்த உடன்படிக்கைகள் இரு நாட்டுக் கடல் எல்லையை வரைந்தன. கடற்சட்டம் பற்றிய ஐ.நா. மாநாட்டுக்கு 1973 முதல் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. 1980இல் அவர் இறந்த பிறகு சிங்கப்பூரின் ரொமி கோ தொடர்ந்தார். 1982இல் ஜமெய்க்காவில் சமவாயம் கைச்சாத்தானது. எல்லை கோட்டில் இருக்கிறது. இழுவைப்படகுகள் கோட்டைத் தாண்டி வருகின்றன. வலை அறுந்து போன கதை முல்லைத்தீவு வாடிகளில் கேட்கலாம். இலங்கை 2017இல் சட்டம் இயற்றி இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015இல் மீண்டும் சென்னையிலும் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் நேரடியாகப் பேசினார்கள். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு மீனவர்கள் வவுனியாவுக்கு வந்து வடக்கு மீனவர்களோடு உட்கார்ந்தார்கள். பிணக்கு இன்னும் தீரவில்லை.

இந்தப் பிணக்கின் இரு பக்கமும் தமிழ் பேசுகிறது என்பதை நம் கல்வியாளர்கள் யோசிக்கவில்லை. உலகில் எத்தனையோ மாதிரி அவைகள் ஆங்கிலத்தில் நடக்க, ஒரு நிஜமான இரு நாட்டுப் பேச்சுவார்த்தையை முழுக்கத் தமிழில் நடத்திப் பழகும் வாய்ப்பு முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் இராமேஸ்வரத்துப் பிள்ளைக்கும் இருக்கிறது. கடிகார நேரமும் இரு கரைக்கும் ஒன்றே. இரு பாடசாலைகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஸூமில் இணைந்தால் போதும். தண்ணீரூற்று மாணவர் இராமேஸ்வரத்து விசைப்படகு உரிமையாளராகப் பேசட்டும்: வங்கிக் கடனும் டீசல் விலையும் கூலியாட்களின் குடும்பங்களும் அவர் தலைமேல். இராமேஸ்வரத்து மாணவர் முல்லைத்தீவின் சிறுபடகுத் தொழிலாளியாகப் பேசட்டும்: யுத்த காலமெல்லாம் கடலுக்கு இறங்க விடாமல் தடுக்கப்பட்டு, இறங்க விட்டபோது கடலில் இன்னொருவரைக் கண்டவர் அவர். பாரம்பரிய உரிமை, படிப்படியான விலகல், ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறுதல், நட்டஈடு, கைதானோர் விடுதலை என்று ஐந்தாறு விடயங்களை வைத்து ஒரு பக்க இணக்க வரைபு எழுதினாலே போதும். தெற்கிலிருந்து பருவத்துக்கு நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வரும் மீனவரின் ஆசனத்தையும் ஒருநாள் போட வேண்டும். அதற்குச் சிங்களம் வேண்டும். வரும் பிள்ளைகள் அதையும் படிக்கட்டும்.

வசதி பற்றிப் பேசாமல் இதையெல்லாம் எழுதுவது சரியல்ல. குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 கணிப்பில் நாட்டின் வறுமை வீதம் 14.3, முல்லைத்தீவில் 44.5. இலங்கையில் மிக உயர்ந்த வீதம் அதுதான். கோவிட் காலத்தில் இணையவழி வகுப்பு என்றபோது சிக்னலுக்காகப் பிள்ளைகள் குன்றிலும் மரத்திலும் ஏறிய செய்திகள் நாட்டின் பல பாகங்களிலிருந்து வந்தன. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணிநேரம் வரை போனது. எனவே நேரலையை நம்பி மட்டும் கழகம் நடத்த முடியாது. ஐ.நா. அமர்வுகளின் பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன. ஆசிரியர் ஒருவர் நல்ல கவரேஜ் உள்ள இடத்தில் ஒரு வாக்கெடுப்பின் இருபது நிமிடத்தைத் தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தால், கணினி அறையில் நாற்பது பேர் பார்க்கலாம். நேரலை மாதத்துக்கு ஒருமுறை இருந்தால் போதும். அதற்கும் நேரம் நன்றாகவே வாய்க்கிறது. பெப்ரவரி, மார்ச் அமர்வில் ஜெனீவாவின் காலை 10 மணி நமக்குப் பிற்பகல் 2.30. ஜூன், செப்டெம்பர் அமர்வுகளில் 1.30, சரியாகப் பாடசாலை விடும் நேரம்.

மொழிபெயர்ப்புத்தான் பெரிய வேலை. 46/1, அதைத் தொடர்ந்த 2022இன் 51/1, 2024இன் 57/1, 2025 ஒக்டோபரில் வாக்கெடுப்பின்றி நிறைவேறிய 60/1 என்ற இந்தத் தொடரை, பத்தாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கும் தமிழில், பந்திக்குப் பந்தி குறிப்புரையோடு, வாக்கெடுப்பு நடந்தவற்றில் எந்த நாடு எப்படி வாக்களித்தது என்ற அட்டவணையோடு ஒரு சிறு நூலாகத் தர வேண்டும். கட்சிப் பிரசுரமாக அல்லாமல், பாடநூலின் நிதானத்தோடு. எதிர்த்து வாக்களித்த நாடுகளின் விளக்கங்களும் அதில் முழுமையாக இடம்பெற வேண்டும்.

இதைச் செய்யக்கூடியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தமிழ்ப் பின்னணி கொண்ட நவநீதம்பிள்ளை 2008 முதல் 2014 வரை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகராக இருந்தார். 2013 ஆகஸ்ட் இறுதியில் முல்லைத்தீவுக்கும் வந்துபோனார். ராதிகா குமாரசுவாமி சிறுவரும் ஆயுத மோதலும் தொடர்பான ஐ.நா. விசேட பிரதிநிதியாக 2006 முதல் 2012 வரை பணியாற்றினார். லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஜெனீவாவிலும் சட்டமும் சர்வதேச உறவுகளும் படித்த இளம் தமிழர்கள் இன்று ஏராளம். பேரவையின் பக்க நிகழ்வுகளில் பேசுகிறவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். மாவட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சிலரும் ஜெனீவா வரை போய், தங்கள் பிள்ளை எங்கே என்று கேட்டு வந்திருக்கிறார்கள். முல்லைத்தீவில் அந்தத் தாய்மாரின் தொடர் போராட்டம் 2017 மார்ச்சில் தொடங்கியது. பேச இரண்டு நிமிடம் கிடைத்தால் எதை விட்டு எதைச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு கழகத்தின் முதல் விருந்தினர் அவர்களுள் ஒருவராக இருக்கட்டும். தூதுவர் பிறகு வரலாம்.

வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். நுழைவாயில் வளைவும் கேட்போர் கூடமும் கட்டித் தந்தீர்கள், நன்றி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது பத்து மாதத்துக்கான டேட்டா, ஒரு புரொஜெக்டர், மேலே சொன்ன அந்தத் தமிழ் நூலுக்கான அச்சுச் செலவு ஆகியவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள். வாரம் ஒரு மணிநேரம் திரையில் வந்து, ஒரு வரைபுப் பந்தியைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க உங்களில் நால்வர் முன்வாருங்கள். ஆங்கிலம் கலக்காமல் பேசத் தெரிந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அதிபர்களும் ஆசிரியர்களும் மாணவர் பாராளுமன்றத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்குத் தாருங்கள். தனிச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.